மெங்குடு இலையின் சூடு

முப்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். ஜொகூரில், ஆயர் ஈத்தாமிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆட்குறைப்பு வந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் வேலை போனது. "சிங்கப்பூர்ல ஒரு வேலையப் புடிச்சிட்டு வந்து கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நடுவே நான் ஒருத்திதான். வேலைக்காட்டில் மற்றவர்களோடு பேசுவதோடு சரி. வீடு திரும்பினால் வாயைத் திறக்க வேலையே இருக்காது.

ஒரு மழைநாளில் பால் வாளிகளோடு ஓடைப் பாலத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கி, தொட்டால் கொதித்தது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் அழுத்திப் பார்த்து, "எலும்பு முறியலம்மா. வீக்கம் வத்துற வரைக்கும் காலை ஊனாதீங்க" என்று தைலம் கொடுத்துவிட்டுப் போனார். காலை ஊன்றாமல் தண்ணீர் எடுப்பது எப்படி, அடுப்பு மூட்டுவது எப்படி? ஊறவைத்த அரிசியை மென்றுவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்களின் கிராமம், கம்பம் என்போம். அங்கிருந்து ஒரு அம்மா லயத்துக்குப் பின்னால் கீரை பறிக்க வருவார். பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான் பழக்கம். என் வீட்டில் புகை வராததைக் கவனித்தாரோ என்னவோ, அன்று வாசலில் வந்து நின்றார். முழங்காலைப் பார்த்துவிட்டு, "சாக்கிட்கா, ஆடேக்?" என்றார். வலிக்கிறதா தங்கச்சி என்று கேட்கிறார். அழுதுவிட்டேன்.

வெளியே போனவர், மடி நிறைய மெங்குடு இலைகளோடு திரும்பி வந்தார். நம் ஊர் நுணாவுக்குச் சொந்தம்தான், இலை மட்டும் பெரிது. அதில் தேங்காய் எண்ணெய் தடவி, தணலில் வாட்டி, தன் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்த்து, முழங்காலில் வைத்துக் கட்டினார். வலி உடனே போய்விடவில்லை. இறுகிக் கிடந்தது மெல்லத் தளர்ந்தது. இன்னொருவர் கை என் மேல் பட்டு எத்தனை மாதமாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

தினமும் வந்தார். நான் எழ முயன்றால், "ஜாங்கான் ஜாலான்", நடக்காதே என்று அதட்டி உட்காரவைப்பார். அவர் மலாயில் பேசுவார், நான் தமிழில் பேசுவேன். பாதிகூட விளங்காது. அதனாலேயோ என்னவோ, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

இலையால் வற்றியதோ, ஓய்வால் வற்றியதோ, வீக்கம் போனது. "சுடா பாயெக், காக். நல்லாயிடுச்சிக்கா" என்று நடந்து காட்டினேன். சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. சுகமான பின் எதற்கு வரவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கீரை பறிக்கவும் வரக்காணோம்.

மனசு கேட்காமல், வடை சுட்டு எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். அந்த வீட்டிலும் அவர் ஒருவர்தான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மழைக்காலத்தில் வரும் பழைய வாதம் என்று சைகையால் சொன்னார். பக்கத்தில் இலை இருந்தது, எண்ணெய் இருந்தது, துணியும் இருந்தது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாமல் துணி அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்திருக்கிறது.

அடுப்பை மூட்டினேன். இலையை வாட்டி, என் கன்னத்தில் சூடு பார்த்துக் கட்டிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் பேசினார். 'சொராங், சொராங்' என்றது மட்டும் புரிந்தது. ஒண்டியாக என்று அர்த்தம்.

"நானும்தான், காக்" என்றேன், தமிழிலேயே.

வீட்டுக்காரர் வந்து என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகும்வரை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்துகொண்டிருந்தோம். அதன்பின் அவரை நான் பார்க்கவேயில்லை. இன்றும் யாராவது வலி என்று சொன்னால், என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.