ஜாஸ் கிளப் நிறைந்த சனிக்கிழமை

என் மகள் டபுள் பாஸ் வாசிக்கிறாள். அவளைவிட உயரமான தந்தி வாத்தியம். நாங்கள் இருக்கும் குரோருட்டில் சுரங்க ரயிலின் நடுக்கதவால் அதை ஏற்றி, பிள்ளை வண்டிகள் நிற்கும் இடத்தில் சாய்த்து, நகரம் வரும்வரை ஒரு கையால் அணைத்தபடி நிற்பாள். அவளுடைய குழுவில் பியானோவுக்கு ஒரு பையனும் டிரம்ஸுக்கு ஒரு பெண்ணும். மூவரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் அவர்கள் வாசித்ததைப் போய்க் கேட்டேன். கேட்க வந்தவர்களை எண்ணினேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் நான். எதைக் கண்டாலும் எண்ணுவது பழக்கமாகிவிட்டது. அன்றைக்கு எண்ணியிருக்கக் கூடாது. எல்லாரையும் என் சமையலறை மேசையைச் சுற்றி இருத்தியிருக்கலாம். எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்றால் மண்டபத்தில் கதிரை போதாது. என் பிள்ளையோ நாலு பேருக்கு வாசித்துவிட்டுச் சந்தோஷமாக வாத்திய உறையை மூடினாள். அவளுக்காகக் கவலைப்படுவதாகத்தான் நினைத்தேன். உண்மையில், இதை யாராவது தெரிந்தவர்கள் பார்த்திருப்பார்களோ என்றுதான் கவலைப்பட்டிருக்கிறேன்.

வசந்தத்தில் அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆற்றங்கரையில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் ஒரு ஜாஸ் கிளப் இருக்கிறது. சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள்: அமெரிக்காவிலிருந்து வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள், அவர்களைக் கேட்டு வளர்ந்து பிறகு தங்களுக்கென்று ஒரு நிதானமான ஓசையைக் கண்டுபிடித்த நோர்வேக்காரர்கள். வாடகை ஏற ஏற நகரத்தில் இப்படியான இடங்கள் இடம் மாறியும் மூடியும் போக, இதை மட்டும் அங்கத்தவர்கள் சம்பளமில்லாமல் நடத்திவருகிறார்கள். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் இந்த நகரத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் படங்களில் இருந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைப் பிற்பகல்களில் அங்கே புதிய குழுக்களை வாசிக்க விடுவார்கள். நிர்வாகக் குழுவினரும் பல வருடமாக வரும் ரசிகர்களும் இருந்து கேட்பார்கள். பிடித்துப்போனால் இலையுதிர்கால நிகழ்ச்சிகளில் ஒரு மாலை கிடைக்கும். மகளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மாலைதான்.

"நீங்கள் கட்டாயம் வாங்கோ அம்மா. இரண்டாம் பாதியிலை நான் எழுதினதை வாசிக்கப் போறம்" என்றாள். "அதைத்தான் அவை கேட்கோணும்."

அவள் கூப்பிட்டது என்னை மட்டும். நான் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தேன்.

நிகழ்ச்சி மூன்று மணிக்கு. நான் இரண்டு மணி என்று சொன்னேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் முந்தித்தான் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்து அவர்களும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வருவார்கள். அன்று ஐந்து மணிக்கு ஸ்டோவ்னரில் அக்காவின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் இருந்தது எனக்குத் தெரியும். எல்லாரும் எப்படியும் உடுத்திக்கொண்டு வெளிக்கிடுவார்கள், அதுவும் வசதிதான் என்று நினைத்தேன். ஆனால் பிறந்தநாளுக்குப் பிந்தக் கூடாது என்பதால் அன்றைக்கு அத்தனை பேரும் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார்கள்.

பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாக அந்தச் சிறிய கூடம் நிரம்பியது. முன்பதிவு இல்லை, வாசலில் காசு கொடுத்தால் உள்ளே போகலாம். நானே எல்லாருக்கும் கொடுத்தேன். தூணுக்குப் பக்கத்து மேசையில் அக்காவின் கணவர் கால் நீட்டி இருந்தார்.

"என்ன, தேத்தண்ணி ஒண்டும் தராயினமோ?"

"அத்தான், இது கலியாண வீடில்லை."

"அதுதானே பார்த்தன், மணவறையையும் காணேல்லை."

மூன்று மணிக்குச் சற்று முன் வாசலைப் பார்த்தேன். மெலிந்த கிழவர் ஒருவர், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். சீட்டுக் கிழிப்பவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கிழவர் எட்டி, தூணுக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தார். அது அவர் வழக்கமாக இருக்கும் இடம் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் எழும்பியிருக்கலாம். ஒரு வரிசையையே எழுப்பியிருக்கலாம். கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்தபடி இருந்தேன். இடமில்லாமல் ஆட்கள் திரும்புகிறார்கள், என் பிள்ளையின் கச்சேரிக்கு. அப்போது எனக்கு வந்தது பெருமை.

முதல் பாதி தொடங்கியது. பியானோக்காரப் பையன் தனியாக வாசித்து முடித்ததும் கூடத்தில் மிஞ்சியிருந்த இரண்டொரு நோர்வேக்காரர் கை தட்டினார்கள்.

"பாட்டு முடியேல்லை, ஏன் தட்டுறாங்கள்?" என்றார் அத்தான்.

"ஒராள் தனிய வாசிச்சா தட்டோணும்" என்று நான் மெல்லச் சொன்னேன். அது வாய்வழியாக வரிசை வரிசையாகப் போனது. அதன்பிறகு யார் எதை வாசித்தாலும் தட்டல்தான். டிரம்ஸ் பெண் குச்சியை மாற்றியதற்கும் தட்டினார்கள். பாஸ் தனியாக ஒலிக்கிற, மூச்சுக்கூடக் கேட்கிற இடத்தில் அக்கா என் பக்கம் சரிந்தாள்.

"பிள்ளை நல்லா மெலிஞ்சு போனாள். இதைத் தூக்கித் தூக்கியோ?"

"கதைக்காதை அக்கா."

"நான் கதைக்கேல்லை, சொன்னனான்."

மகள் கண்ணை மூடி வாசித்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

இடைவேளை வந்ததும் ஒரே நேரத்தில் எல்லாக் கதிரைகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. கேக் வெட்டும் நேரம் நெருங்கியிருந்தது. வழியனுப்ப நான் வெளியே போனேன். பிறந்தநாளுக்கென்று சுட்ட ரோல்ஸ் தட்டுகள் என் காரில் இருந்தன. நான் பிந்தித்தான் வருவேன் என்பதால் அவற்றை அக்காவின் காருக்கு மாற்றினோம். "போட்டு வாறம்" என்று சொன்னவர்கள் போகவில்லை. ஒருவர் மகனின் வேலை பற்றிச் சொன்னார். ஒருவர் என் மகளுக்கு இதில் மாதச் சம்பளம் ஏதும் உண்டோ என்று கேட்டார். கடைசிக் கார் புறப்பட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கி மறுபடியும் நின்றது. உள்ளே தொடங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணாடி மேலே ஏறும்வரை சிரித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தபோது அவளுடைய பாட்டு முடிந்து, மகள் வில்லைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். வெறும் கதிரைகளுக்கு நடுவே மூன்று நாலு பேரின் கைதட்டல் கேட்டது. சுவரோரமாக நின்று நானும் தட்டினேன்.

திரும்பி வருகையில் வாத்தியத்தை என் காரில் ஏற்றினோம். பின் இருக்கைகளை மடித்தும் அதன் கழுத்து எங்கள் இருவருக்கும் நடுவே நீண்டு கிடந்தது.

"எங்கடை ஆக்கள் வந்தது சந்தோசம்தான்" என்றாள். "ஆனால் நிர்வாகக் குழு ஆக்கள் வாசலிலை நிண்டு திரும்பிப் போட்டினமாம் அம்மா. நான் இப்பதான் கேள்விப்பட்டனான்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

"நீங்கள் இரண்டாம் பாதி கேட்டனீங்கள்தானே? எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"நீளமோ?"

"இல்லை. அளவா இருந்தது."

அவள் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஆறுதலான முகம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, சமையலறையில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் கைபேசியைப் பார்த்து வாசித்துச் சொன்னாள். இலையுதிர்கால மாலை வேறு குழுவுக்குப் போய்விட்டது. அன்று தங்களால் உள்ளே வந்து கேட்க முடியாமல் போனதற்கு அவர்களே மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாமாம்.

"அப்ப அடுத்த வருசம் போடுங்கோவன்" என்றேன்.

"பியானோ வாசிக்கிறவன் கோடையோடை கோப்பன்ஹேகனுக்குப் போறான் அம்மா. பியானோ இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் கையில் கத்தியோடு நின்றேன். அந்தக் கூட்டத்தை ஏன் கூட்டினேன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. வாசலில் நின்ற கிழவரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த லீக்ஸை எடுத்து வெட்டினேன்.

அவள் லீக்ஸ் துண்டு ஒன்றை எடுத்து விரலால் வளையம் வளையமாகப் பிரித்தாள்.

"அண்டைக்கு நாங்கள் ஒலிப்பதிவும் செய்யேல்லை. பரவாயில்லை. எங்கடை ஆக்களிலை முழுசாக் கேட்ட ஆள் எண்டு நீங்களாவது இருக்கிறியள்."

"ஓம்" என்றேன்.

"எந்த இடம் ஆகப் பிடிச்சது?"

அவளுடைய அறைச் சுவருக்கு இப்பால் மாதக்கணக்காக நான் கேட்டது தொடக்கத்தைத்தான். அதைத்தான் அவள் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பாள்.

"தொடக்கம்" என்றேன்.

அவளுக்கு முகம் மலர்ந்தது. "உண்மையோ? கேட்ட மற்ற மூண்டு நாலு பேரும் முடிவைத்தான் சொல்லிச்சினம்."

முடிவு எப்படி இருந்தது என்று இனி நான் யாரிடம் கேட்பது? லீக்ஸை வெட்டி முடித்துச் சட்டியில் போட்டேன்.