வேர் பிடித்த கிளை

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் அம்மாள், வாய் அறுத்த தண்ணீர் பாட்டிலை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். அதில் ஒரு கிளை. அடியில் வெள்ளை வேர்கள் நூல் நூலாக இறங்கியிருக்கின்றன.

"சார், இது கஞ்சாவா?"

எனக்குத் தெரியவில்லை. மரவள்ளி இலையும் இப்படித்தான் விரல் விரித்திருக்கும். ஆனால் ஓரத்தில் இந்தப் பல் பல்லான வெட்டு அதற்கு இல்லையே.

"மாடியில வாடகைக்கு இருந்தவரு காலி பண்றப்ப தொட்டிய வுட்டுட்டுப் போயிட்டாரு. ஏதோ குரோட்டன்ஸுன்னு நெனச்சேன். கேட்டவங்களுக்கெல்லாம் இதே மாதிரி வேர் புடிக்க வச்சுக் குடுத்தேன். செடி கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? இப்ப அதோ அந்தப் பூக்காரம்மா பாத்துட்டு, கஞ்சான்னு சொல்லிச் சிரிக்குது."

"யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"தெரு பூரா. போலீஸ் ஏட்டு வீட்டுல வாசல்லயே வச்சிருக்காங்க. அவுங்களோடதுதான் ஜாஸ்தி தழைச்சிருக்கு."

பேருந்து வருகிறது. "கொஞ்சம் புடிங்க, சீட்டு புடிச்சுடறேன்" என்று பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு ஏறுகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கை நீட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா? இதோடு ஏறுவதா வேண்டாமா என்று நான் குழம்புவதற்குள் வண்டி போய்விடுகிறது.

குப்பைத்தொட்டியைத் தேடுகிறேன். போக்குவரத்துக் காவலர் ஒருவர் நேராக என்னிடம் வருகிறார். குனிந்து பாட்டிலைப் பார்க்கிறார்.

"நல்லா வேர் புடிச்சிருக்கே சார். எனக்கு ஒரு கெளை கெடைக்குமா?"