பல்செட்காரருக்குக் கிடைத்த நாற்காலி

என் அக்கா கணவருக்கு மனிதர்களைவிட அவர்கள் பற்களோடுதான் நெருக்கம். பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், கடைவாயைப் பார்ப்பார். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோது, என் மாமியார் படத்தில் விரலை வைத்து, "மேல்வரிசை கட்டின பல்லுதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அதுவரை அந்த விஷயம் என் மாமனாருக்கே தெரியாது.

இப்படிப்பட்டவரைத்தான் முதலாளி கூப்பிட்டு மேலாளர் ஆக்கினார். நன்றாகப் பல் செய்கிறவருக்கு ஆட்களை மேய்க்கவும் வரும் என்று முதலாளிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒத்து வராதும்மா. பல்லு சரியில்லைன்னா ராவிச் சரி பண்ணிடுவேன். ஆளு சரியில்லைன்னா என்ன பண்றது?"

"நாற்காலியில உக்காந்தா அதெல்லாம் தானா வந்துடும்" என்றாள் அக்கா.

வரவில்லை. அவருக்குக் கீழே நான்கு பேர். "இது சரியில்லை, திரும்பச் செய்" என்று ஒருவரிடமும் சொல்ல அவருக்கு வாய் வராது. எல்லாரும் கிளம்பியபின் கதவைச் சாத்திக்கொண்டு, அவர்கள் செய்ததை எடுத்துத் தானே திருத்துவார். ஆட்களுக்கு இது புரிய அதிக நாள் ஆகவில்லை. முதலில் அரைகுறையாகச் செய்தார்கள். பிறகு, நால்வரில் பல்செட்டுக்கு மெழுகு வேலை பார்க்கும் பெண்ணின் யோசனைப்படி, ஏதோ ஒன்றைப் பிடித்து மேஜையில் வைத்துவிட்டு, "மிச்சத்தை நீங்க பார்த்துக்குங்க சார்" என்று நடையைக் கட்டினார்கள். சார் நான்கு பேர் வேலையையும் முடித்து வீட்டுக்கு வருவதற்குள் சாப்பாடு ஆறியிருக்கும், அக்கா கொதித்துப்போயிருப்பாள். அந்தக் கொதிப்பும் நின்றுபோய் அவள் தனியாகச் சாப்பிட்டுப் படுக்கத் தொடங்கியபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கூத்து இனிமேல்தான். பட்டறைக்கு ஒரு புகார்கூட வரவில்லை. ஆட்கள் முகத்திலோ எந்நேரமும் சிரிப்பு. முதலாளி பூரித்துப்போனார். குடும்பத்தோடு எல்லாரையும் பட்டறைக்கு வரவழைத்து, "தலைமைன்னா இதுதான்! இனி நம்ம பட்டறையோட மூணு கிளையும் இவர் கையில" என்று அறிவித்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் கைதட்டவில்லை.

"ஐயா, வேண்டாம்" என்றார். "இவங்க செஞ்ச பல்லு ஒண்ணுகூட வெளிய போகல. எல்லாம் நான் செஞ்சது. எனக்கு ஆளுங்களை வேலை வாங்கத் தெரியாது. கத்துக்கவும் இஷ்டமில்ல. பழைய ஸ்டூலையே குடுத்துடுங்க."

அவரை நான் அதுவரை அசடு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று மரியாதை வந்தது.

"அப்போ இவங்களை யாரு பார்த்துக்கறது?" என்று முதலாளி கத்தினார். மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். மெழுகுக்காரி மட்டும் நிமிர்ந்து நின்றாள். பட்டறையிலேயே மோசமான பல் அவள் செய்வதுதான்.

"நான் பார்த்துக்கறேன் ஐயா. எனக்குப் பல்லு செய்ய வராது. ஆனா யாருகிட்ட எவ்வளவு வேலை வாங்கலாம்னு தெரியும். இத்தனை நாளா இவரை வேலை வாங்கினதே நான்தானே."

முதலாளிக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நாற்காலியைக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே அவள் அந்த மூன்று பேரையும் செய்ததைத் திரும்பச் செய்யவைத்தாள். வேலை முடியும் நேரத்தில் அத்தானின் கை பக்கத்து மேஜைக்கு நீண்டது.

"அண்ணே, அடுத்தவங்க பல்லுல கை வெச்சா ஸ்டூலையும் பிடுங்கிடுவேன். வீட்டுக்குக் கிளம்புங்க."

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தவரைப் பார்த்து அக்கா சிரித்தாள். அவர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கீழ்ப்பல்லு ஒண்ணு ஆடுற மாதிரி இருக்கே?"

"ரொம்ப நாளா ஆடுது. பார்க்கத்தான் ஆளில்ல" என்றாள் அக்கா.