வவுனியாவில் எரியும் விளக்கு

கார் திருத்துகிறவனிடம் வருகிற எல்லோரும் முதலில் சொல்வது ஒரே பொய்தான்: "நான் ஒன்றும் தொடவில்லை."

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் ஸ்பானரைக் கையில் எடுத்து, திங்கட்கிழமை காரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? யுத்த காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் எனக்கொரு சின்ன கராஜ் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்கும் ஸ்பானர்கள் மெல்லக் கிலுங்கும். மத்தியான வேளையில் அந்தச் சத்தத்தோடு உப்புக் காற்றும் சேர்ந்து வந்தால், காருக்கு அடியில் படுத்திருப்பவனுக்குக் கண் சொருகிவிடும். நான் பலமுறை அப்படித் தூங்கியிருக்கிறேன்.

ஒன்றும் தொடாதவர்

மகேந்திரன் அண்ணர் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். அவருடைய கார் என்னைவிட மூத்தது. எஞ்ஜின் சூடானதும் சிவப்பு விளக்கு எரிகிறது என்றார். எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று காட்டும் விளக்கு அது. அதை அலட்சியம் செய்து ஓட்டினால் எஞ்ஜின் ஒருநாள் இறுகி நின்றுவிடும். "நீங்கள் ஏதும் செய்தீர்களா?" என்றேன். "நானோ? தொடவே இல்லை" என்றார்.

அடியில் படுத்துப் பார்த்தேன். எண்ணெய் தேங்கும் சட்டியின் கீழே கதவளவு இரும்புத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. சட்டியைச் சுற்றி, ஒழுகாமலிருக்கப் பூசும் கறுப்புக் கம் பாகுபோல வழிந்து காய்ந்திருந்தது. இது தானாக முளைத்ததா என்று கேட்டேன். அப்போதுதான் மனிதர் வாய் திறந்தார். சட்டியைக் கழற்றி, தகட்டை ஒட்டி, திரும்பப் பூட்ட நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்ததாம். அவருடைய மனைவி பத்மா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது தாதி. நோயாளிகளை விட்டுவிட்டு வர மனமில்லை. கொழும்பிலிருந்து அங்கே போகும் பாதையோ யுத்தத்தால் வவுனியாவோடு மூடிக்கிடந்தது. கப்பலில் போக அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கண்டு ஆறு வருடம். பாதை திறந்தாலும் முழுக்கக் குண்டும் குழியுமாகத்தான் இருக்கும், அதற்குத்தான் தகடு என்றார்.

"பாதை திறக்கிற அண்டைக்குக் கார் ரெடியில்லையெண்டா, பத்மாவுக்கு நான் என்ன காரணம் சொல்லுறது தம்பி?"

நானாவின் தீர்ப்பு

சில நேரம் எஞ்ஜினில் ஒரு குறையும் இருக்காது. விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச்தான் கெட்டிருக்கும். அதனால் வயரிங் வேலை பார்க்கும் நிசார் நானாவைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிட்டேன். அவர் சுவிட்சை மாற்றினார், வயரை மாற்றினார், இரண்டு பிளேன்டீ குடித்தார். விளக்கு பழையபடியே எரிந்தது.

பிறகு சுவிட்ச் இருந்த இடத்தில் அழுத்தம் அளக்கும் மீட்டரைப் பூட்டினேன். குளிர்ந்த எஞ்ஜினில் ஊசி நன்றாக ஏறி நின்றது. சூடாகச் சூடாக, நித்திரை வந்த பிள்ளையின் தலைபோலச் சரிந்தது. நானா கையைத் துடைத்துக்கொண்டே மகேந்திரன் அண்ணரின் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்.

"லைட் பொய் செல்லல்ல தம்பி, இந்தக் கார்ல பொய் செல்ற ஒரே சாமான் அதுட சொந்தக்காரர்தான்."

இருபது நிமிடப் பயணம்

தடிப்பான எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். வடிகட்டியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் எஞ்ஜினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். அதற்கு இருபது நிமிடம். அந்த நேரத்தில் மகேந்திரன் அண்ணர் சாரதி இருக்கையில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். முதலில் அசதி என்று நினைத்தேன். உதடு அசைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டால், மனிதர் யாழ்ப்பாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்! வரக்காபொல, குருநாகல், தம்புள்ளை. தம்புள்ளையில் நிறுத்தித் தேத்தண்ணி. பிறகு மிகிந்தலை, மதவாச்சி.

கராஜ் வாசலில் வெயில் விழுந்து கிடக்கும். எஞ்ஜின் ஒரே சீராக முணுமுணுக்கும். எனக்கும் கண் மங்கி, இரண்டு பக்கமும் காடு ஓடுவதுபோலத் தோன்றும். அவர் "வவுனியா" என்பார். டக்கென்று விளக்கு எரியும். ஒருநாள் இருநாள் அல்ல, ஒவ்வொரு முறையும் சரியாக வவுனியாவில்தான். கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்து அவர் பெருமூச்சு விடுவார்.

"பாத்தீங்களே, இதுக்கும் பாதை பூட்டினது தெரிஞ்சிருக்கு."

கண்ணாடி பிடித்தவன்

நின்ற இடத்தில் பார்த்தது போதாது, ஓட்டியும் பார்ப்போம் என்று கொழும்பின் பெரிய சாலையான காலி வீதியில் எடுத்தோம். குரங்கு ஆப்பிழுத்த கதைதான். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் நீளத் தடியில் கட்டிய கண்ணாடியைக் காருக்கு அடியில் நுழைத்தான். நுழைத்தவன் அப்படியே நின்றான். இரண்டு தமிழர், அடியில் வீட்டில் ஒட்டிய இரும்புத் தகடு! அன்று நான் பயந்த பயம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான். பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் மகேந்திரன் அண்ணர் உண்மையைச் சொன்னார். "யாப்பனே யன்ன." யாழ்ப்பாணம் போக. மனைவி அங்கே என்றார். சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். குனிந்து தகட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு கண்ணாடியை இழுத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கை காட்டினான். அப்போது தன் மணிக்கட்டிலிருந்த, பிக்குகள் ஓதித் தந்த வெள்ளை நூலைக் காட்டி அவன் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"நான் அங்கே போகக் கூடாதென்று அம்மா பிரித் நூல் கட்டியிருக்கிறார், நீங்கள் போக வேண்டுமென்று இரும்பு கட்டியிருக்கிறீர்களே, அண்ணே!"

பயறளவு

கடைசியில் சட்டியைக் கழற்றினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. வழிந்த கம்மைக் கண்ணால் கண்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேனே என்று என்மேல்தான் எனக்குக் கோபம். எஞ்ஜினுக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பி விடுவது அதன் வேலை. அது மூட முடியாமல் வாயில் ஒரு துண்டு கம் கடிபட்டுக் கிடந்தது. பயறளவுதான். எண்ணெய் குளிர்ந்து தடிப்பாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சூடாகி இளகினால் அந்த இடுக்கால் வழிந்து, அழுத்தம் போய்விடும்.

துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூடப் பூசினா ஒழுகாதெண்டு நினைச்சுப் பூசினனான் தம்பி. ஒழுகேல்லைத்தானே?"

அதற்கு அங்கால்

எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி, எஞ்ஜினை ஓடவிட்டேன். தகட்டை அவருடைய கெஞ்சலுக்காக விட்டுவைத்தேன். அவர் கண்ணை மூடினார். குருநாகல். தம்புள்ளை. மதவாச்சி. "வவுனியா" என்றார். விளக்கு எரியவில்லை. மீட்டரின் ஊசி ஆடாமல் நின்றது. நான் காருக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போங்க அண்ணே" என்றேன். "ஓமந்தை" என்றார் மெதுவாக. "புளியங்குளம்." அடுத்த ஊர் வரவில்லை. மாத்தறை ரயில் போனது, ஸ்பானர்கள் கிலுங்கி அடங்கின. பார்த்தால் கன்னத்தில் கண்ணீர்.

"அங்காலை போய்ப் பத்மாவிட்டை என்ன கதைக்கிறதெண்டு நான் இன்னும் யோசிக்கேல்லைத் தம்பி."

பாதை திறந்தது

சமாதானம் என்றார்கள், பாதையும் திறந்தது. வெள்ளவத்தையில் பாதிச் சனம் பெட்டி கட்டியது. மகேந்திரன் அண்ணர் மட்டும் என் கராஜுக்கு வந்தார். கிளட்ச் கொஞ்சம் பாரமாம், பிரேக் லேசாகக் கத்துகிறதாம். அடுத்த கிழமை ஹோர்னில் ஏதோ குறை. அதற்கடுத்த கிழமை தானே ஒரு ஸ்பானரோடு பொனட்டைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பானரைப் பறித்து, "காரில் குறையில்லை அண்ணே, பயம் உங்களுக்குத்தான். இன்றைக்கே போங்க, இல்லாவிட்டால் இனி இந்தக் கராஜ் வாசலை மிதிக்காதீங்க" என்று கத்தினேன். அவர் பொனட்டை மூடிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு கிழமை கழித்து, உடம்பெல்லாம் செம்மண்ணோடு கார் வாசலில் வந்து நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து தலை நரைத்த ஒரு பெண் இறங்கினார். ஒரு மாத லீவில் வந்த பத்மா மிஸ்ஸி. குனிந்து தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"வரேக்கை வவுனியாவிலை காரை நிப்பாட்டி, லைட் பத்துதோ எண்டு இருபது நிமிஷம் பாத்துக்கொண்டிருந்தவர் தம்பி. பத்தினாப் பத்தட்டும், நான் பக்கத்திலை இருக்கிறன், எடுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

அன்றிலிருந்து, யாராவது தன் காரில் தானே கை வைத்துவிட்டு வந்து "நான் ஒன்றும் தொடவில்லை" என்றால், எண்ணெய் பார்ப்பதற்கு முன் "எங்கே போவதற்கு?" என்று கேட்டுவிடுகிறேன்.