கலெக்டர் முத்திரை குத்திய வலை

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் ராயபுரமே எழுந்திருக்கும். நான் எழுந்தேன். என் மனைவி ராஜம் எழுந்தாள். எழுந்திருக்க வேண்டிய ஆசாமி மட்டும் அரிசி டின் மேல் சுருண்டு கிடந்து, ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அவர்தான் கலெக்டர். நாங்கள் வளர்க்கும் கடுவன் பூனை.

ரேஷன் அரிசியை எலியிடமிருந்து காப்பாற்ற அழைத்து வந்தோம். அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வளர்ந்து ஆளானதும் இன்னொரு உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டார். வீடு முழுக்கச் சுற்றுப்பயணம் போவார். ஒரு மூலையில் நிற்பார்... திரும்புவார்... வாலைச் செங்குத்தாகத் தூக்குவார்... நுனி லேசாக நடுங்கும். அவ்வளவுதான் – 'இது என் ஜில்லா' என்று முத்திரை விழுந்துவிடும்! பெயர்க் காரணம் புரிகிறதா?

அந்த நாற்றத்தைப் பற்றிக் கடுவன் வளர்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. பினாயில் ஊற்றினோம். சாம்பிராணி போட்டோம். எலுமிச்சம்பழம் தேய்த்தோம். பினாயில் காய்வதற்குள் அதே இடத்துக்கு வந்து, 'எவனய்யா அழித்தது?' என்கிற மாதிரி முகர்ந்து பார்த்து, புதிதாக ஒன்று குத்திவிட்டுப் போவார்.

"ஒண்ணு இந்த வீட்டிலே அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று ராஜம் சொல்லாத வாரம் கிடையாது. சொன்ன கையோடு அதற்குத் தயிர்சாதமும் பிசைந்து வைப்பாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்தது வேறு ரகம்.

முன்பக்கத்தில் ஏகாம்பரம், பின்பக்கத்தில் நாங்கள். அவர் சொந்தக் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். காய்ந்த வலையைச் சுருட்டி நடைவழியில் வைத்திருப்பார். புறப்படும்போது அதற்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டுத்தான் தூக்குவார். செருப்புக் காலோடு யாரும் அதைத் தாண்டக்கூடாது. அப்படிப்பட்ட வலைமேல்... கலெக்டர் முகாம் போட்டிருக்கிறார்!

"இன்னா நைனா இது? கற்பூரத்த கொளுத்திகினு குனியறேன், குப்புனு அடிக்குது! சாமி மாரி வச்சிகினு கீறேன், உன் பூனை கலீஜ் பண்ணி வச்சிகீதே!"

"இதோ கழுவித் தந்துடறேங்க..." என்றேன்.

"நீ கழுவி, அது காஞ்சி... அதுவரிக்கும் மீனு எனக்கோசரம் குந்திகினு இருக்குமா? இப்டியே தூக்கினு போறேன். வெறும் வலையா திரும்பி வந்தேன்னு வச்சிக்கோ – நீயும் வேணாம், உன் பூனையும் வேணாம். வூட்ட காலி பண்ணிடு!"

இன்றைக்குப் பட்டணத்தில் மாப்பிள்ளை கிடைப்பான். வாடகைக்கு வீடு கிடைக்குமா? அதிலும் கடுவன் பூனையோடு? துறைமுகத்தில் நான் குமாஸ்தா. அன்று முழுக்கப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே கடலைப் பார்த்து, "வா மீனே, வா!" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மீன் தொடாத வம்சத்தில் பிறந்த எவனும் மீனுக்காக இப்படி உருகியிருக்க மாட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஏகாம்பரம். கையில் முழ நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். அதாலேயே அடிப்பாரோ? அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"கலெக்டரு எங்க?"

வலை கொள்ளாத மீனாம்! "பக்கத்து கட்டுமரக்காரனுக்கு ஒண்ணும் மாட்டல நைனா. எனக்கு இழுக்கக் கை பத்தல. எல்லாம் கலெக்டரு கைராசி!"

கைராசி என்று சொல்லலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்றைக்கே அவருடைய வலை எங்கள் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. பின்னாலேயே தம்பி வலை. அப்புறம் மச்சான் வலை. நானும் ராஜமும் வலைகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுக்கிறோம்.

கலெக்டர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! வஞ்சிரத் தலையைத் தின்றார். வலைமேலேயே படுத்துத் தூங்கினார். வாசலுக்கு நடந்து, வெளியே போய்க் காரியத்தை முடித்துவிட்டு, கண்ணியமாகத் திரும்பி வந்தார். வேண்டாம் வேண்டாம் என்றபோது வாரி வழங்கிய மனுஷன்... பூனை... கும்பிட்டுக் கேட்கும்போது நிறுத்திவிட்டார்!

ஒன்று நல்லதா கெட்டதா என்று மூக்குதான் முடிவு செய்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் சும்மா. ஆதாயம் உண்டென்றால் எந்த நாற்றமும் மணக்க ஆரம்பித்துவிடுகிறது. சில பெரிய மனிதர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு நாம் பல்லைக் காட்டுவதில்லையா?

அதற்கப்புறம் ஏகாம்பரத்தின் வலையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மீன் விழவில்லை. நேற்று அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மெய்ய சொல்லு. ஆபீசுக்குப் போறப்ப கலெக்டர பையில வச்சித் தூக்கினு போறியா? திருவொத்தியூர் வலைக்காரன் எவனாச்சும் கேட்டானா?"

"சத்தியமா இல்லீங்க! நாள் பூரா இங்கேதான் தூங்குது."

"அப்ப நீங்கதான் அத்த அதட்டி பயமுறுத்தி வச்சிகீறீங்கோ. அமாவாசை வரிக்கும் பாப்பேன். அப்பவும் அது வலைல உடலேன்னா நீங்க காலி பண்ணிகினு போய்க்கினே இருங்கோ. கலெக்டர மட்டும் வுட்டுட்டுப் போ. அத்த நாங்க பாத்துக்கறோம்."

இன்று காலை நான் கண் விழித்தபோது ராஜம் கூடத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு வலையாகக் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தாள். கடைசி வலையையும் முகர்ந்துவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கும் நாறலியே!" என்றாள். சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பிள்ளையாரப்பா, ஒரே ஒரு சொட்டு! உனக்குத் தேங்காய் உடைக்கிறேன்."

எல்லாம் சரி... பூனை காரியத்துக்கு அவருடைய மூஞ்சூறு சம்மதிக்க வேண்டாமா?