மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போட்ட நாள்

மரக்காணத்தில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனியில் வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள். ஓனர், லைன்மேன் அண்ணன், நான், மூன்று பேருமே அட்மின்! உப்புக்காற்றில் எங்காவது ஒரு கேபிள் முனை பச்சை பிடித்தால் போதும், அண்ணன் போனிலேயே உள்ளே நுழைந்து மெயின் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்துவிடுவார். ஒரு ஆபீஸுக்காகக் கோட்டக்குப்பம் வரை எல்லாருக்கும் நெட் கட்டாகும்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஓனரிடம் போய் நின்றேன். ஆளுக்கொரு லாகின், வேலைக்குத் தக்க உரிமை. அண்ணன் அந்தந்த இடத்துக் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டை மட்டும் ஆஃப் செய்து ஆன் செய்யலாம். ரீஸ்டார்ட் என் கையில். ஓனருக்கு என்ன உரிமை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"ஒரு நாள் போட்டுப் பாரு. எவனாவது கம்ப்ளெயின்ட்னு வந்தான், பழையபடி மாத்திட்டு நீயும் வீட்டுக்குப் போயிட்டே இரு."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அண்ணனிடமிருந்து போன். உப்பளத்து ஆபீஸில் நெட் இல்லை.

"டேய், ரீஸ்டார்ட் அடிச்சா பர்மிஷன் இல்லன்னு வருது! பன்னெண்டு வருசமா லைன் இழுக்குறேன், எனக்கே பூட்டா?"

"ண்ணா, மெயின் சுவிட்ச உடுங்க. அங்க கேபிள் முனைல பச்ச புடிச்ச கனெக்டர வெட்டிட்டு புதுசு போடுங்க. அப்புறம் அந்த ஒரு போர்ட்ட மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அதுக்கு உங்க லாகினே போதும்."

"வரலன்னா?"

"வரலன்னா நீங்களே என்ன பஸ் ஏத்தி உட்டுடுங்க."

அடுத்த பத்து நிமிடம் நான் உட்காரவே இல்லை. கோட்டக்குப்பத்தில் அப்போது ஒரு நிக்காஹ் நடந்துகொண்டிருந்தது. லீவு கிடைக்காததால் மணப்பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்து எங்கள் நெட்டில் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டுதுடா!" லைன்மேன் அண்ணன் போனில் கத்தியதில் காதே அடைத்துவிட்டது. சற்று நேரத்தில் நிக்காஹ் வீட்டிலிருந்து ஓனருக்குப் போன்: கால் ஒரு தடவைகூடக் கட்டாகவில்லையாம்!

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று சுவிட்சில் பதிவாகும் லாகை ஓனருக்குத் திறந்து காட்டினேன். அண்ணன் பெயரில் மூன்று ரீஸ்டார்ட், மூன்றும் மறுப்பு.

"மூணு தடவ அடிச்சிருக்கானா!" என்றவர், தன் லாகினில் நுழைந்து தானும் ஒன்று அடித்தார். மறுப்பு.

"ஏம்பா, கம்பெனி என்னுது."

"ஆமாங்க சார். அதான் பாக்கறதுக்கு எல்லாமே குடுத்திருக்கேன்."

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்து, கட்டைவிரலால் பாஸ்வேர்டைத் தேய்த்தார். மார்க்கர் போகவில்லை.

"போயி பெயின்ட் கடைல தின்னர் வாங்கிட்டு வா."

ஓடினேன்.