எங்கள் அக்காளும் பாதிக் கூரையும்

அக்காளின் தலைத்திவசத்துக்கு ஒரு நினைவு மலர் போட வேண்டும், எழுதத் தெரிந்தவன் நீதான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வேறு வேலைக்கு ஆகமாட்டேன் என்பதை எங்கள் வீட்டில் இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வார்கள். காகிதப் பஞ்சம் வேறு, சுருக்கமாக எழுதுகிறேன்.

அக்காள் மதுரை வடக்கு மாசி வீதியில் பிறந்தார். நாகமலையடியில் ஒரு சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் காய்ச்சலில் போனபோது அக்காளுக்கு முப்பது வயது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கு வரச் சொன்னோம். வரவில்லை.

மாசி பங்குனியில் அந்த மலைப் புல் பற்றிக்கொள்ளும். யுத்தத்துக்கு முந்திய ஒரு பங்குனியில் நெருப்பு கீழே இறங்கி, கண்மாய்க்கரைப் பனைகளையும் தெருவின் அத்தனை கூரைகளையும் தின்றுவிட்டது. உயிர்கள் மட்டும் மிஞ்சின.

அக்காளை அழைத்துவர மாட்டுவண்டி பிடித்துப் போனேன், வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தயாரித்துக்கொண்டு. அக்காள் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். "வண்டியோடதான வந்திருக்க? நல்லதாப் போச்சு" என்றார். பதினொரு நாள் அந்த வண்டி ஊர் ஊராகப் பனையோலை சுமந்தது. கேட்டு வாங்கியவன் நான். படித்தவன் கேட்டால் கொடுப்பார்களாம். பாதித் தெருவுக்குக் காணும் அளவு கொடுத்தார்கள்.

யார் வீட்டை முதலில் வேய்வது என்று சண்டை மூண்டது. மூன்று குடும்பங்கள் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு மூட்டை கட்டிவிட்டன. அக்காள் பயந்தது அதற்குத்தான். மூன்று போனால் மற்றதும் போகும். மறுவருஷம் மலை எரிந்தால் அணைக்க ஆள் இருக்காது. எல்லா வீட்டுக்கும் பாதிக் கூரை, அது முடிந்த பிறகே எவருக்கும் மீதி என்று சொல்லிவிட்டார். மூட்டை கட்டியவர்களிடம் சொன்னது இம்புட்டுத்தான்:

"போறவுக போங்க. அடுத்த வீட்டுக்குப் பாதிக் கூரை போட்டுட்டுப் போங்க."

போட்டார்கள். போட்டு முடித்ததும் இரண்டு குடும்பங்கள் மூட்டையை அவிழ்த்தன. ஒன்று போய்விட்டது; நடந்ததை நடந்தபடிதானே எழுத வேண்டும். ஆனி வரைக்கும் ஊரே பாதி வெயிலில் சமைத்தது.

அதன்பின் ஒவ்வொரு தையிலும் ஊர் கூடி மலையடிப் புல்லைச் செதுக்கி, அகலமாக வெறும் மண்ணாக்கிவிடும். நானும் ஒரு வருஷம் செதுக்கினேன். என் பங்கை அக்காளின் பக்கத்து வீட்டு இருளப்பன் மறுநாள் மறுபடி செதுக்கினார். மலை பிறகும் எரிந்தது. கூரைகள் எரியவில்லை.

சென்ற மாசியில், மூன்று நாள் சுரத்தில் கிடந்து அக்காள் காலமானார். அன்று காலையிலேயே மலை பற்றிக்கொண்டது. பாடை கட்டிய கையோடு ஆண்கள் வேப்பங்கிளை ஒடித்துக்கொண்டு மேலே கிளம்பினார்கள். மதுரையிலிருந்து போன நாம் முகம் சுளித்தோம். முதலில் சுளித்தவன் நான். எடுத்துவிட்டுப் போகக் கூடாதா என்று இருளப்பனை மறித்தேன்.

"அக்கா காத்திருக்கும்ணே. நெருப்பு காத்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாயும் முன்பு திரும்பினார்கள். முகம் கழுவக்கூட நிற்காமல், கரியும் வியர்வையுமாக அக்காளைத் தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன்.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கடைசி மூன்று நாளும் கூடவே இருந்த தெருப் பெண்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. இன்றும் மாசிதான். அந்த ஊர்க்காரர்கள் பந்திக்கு வரத் தாமதமானால் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு இலை எடுத்து வைத்திருக்கிறோம்.